ரெசலூட் – கிரீஸ் ஃபியோர்டு: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில், கார்ன்வாலிஸ் தீவிலுள்ள ரெசலூட்டிலிருந்து எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலுள்ள கிரீஸ் ஃபியோர்டுக்குச் சாலை கிடையாது. சரக்குக் கப்பலும் கோடையில் மட்டுமே வருவதால், ஆண்டின் பெரும்பகுதியில் ட்வின் ஓட்டர் என்னும் சிறிய விமானமே அவ்வூருக்கு வெளியுலகத் தொடர்பு. 1953-இல் இனுயிட் குடும்பங்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்தியதால் உருவான இந்தக் குடியிருப்புகளுக்கு இடையிலான தூரத்தைக் கைபேசியிலுள்ள கால்குலேட்டரைக் கொண்டே கண்டறியலாம்.

முதலில் இரு விமான நிலையங்களின் இருப்பிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசலூட் 74.72° வடக்கு, 94.97° மேற்கு; கிரீஸ் ஃபியோர்டு 76.43° வடக்கு, 82.91° மேற்கு. அட்சரேகை வேறுபாடு 1.71°, தீர்க்கரேகை வேறுபாடு 12.06°.

அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் ஏறத்தாழ 111.2 கி.மீ. என்பதால், வடக்கு நோக்கிய தூரம் 190 கி.மீ. ஆகிறது.

அடுத்த படியில்தான் மிகுந்த கவனம் தேவை. தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று குவிவதால், நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலமுள்ள ஒரு பாகை இங்கே மிகவும் சுருங்கிவிடுகிறது. இரு அட்சரேகைகளின் சராசரியான 75.575°-இன் கோசைன் மதிப்பு 0.249, அதை 111.2-ஆல் பெருக்கினால் 27.7 கி.மீ. கிடைக்கும். 12.06 பாகைக்கு 334 கி.மீ. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 111.2-ஐ அப்படியே பெருக்குபவருக்கு 1,341 கி.மீ. என்ற விடை வரும். பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடமும் வடக்கை இவ்வாறே அகட்டிக் காட்டுகிறது.

இப்போது பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள்: 190, 334 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 384 கி.மீ. கோள முக்கோணவியல் தரும் விடை 383 கி.மீ. என்பதால், குறுகிய தூரங்களுக்கு இந்த எளிய வழியைத் தயங்காமல் நம்பலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பயணங்களுக்கு மட்டும், பூமியின் வளைவையும் கணக்கில் கொண்டு தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரத்தைக் கையாளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். ட்வின் ஓட்டர் மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 384 கி.மீ. கடக்க 82 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று வீசினால் அது 100 நிமிடங்களாகக் கூடும்; அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 70 நிமிடங்களாகக் குறையும். எதிர்க்காற்றில் இழப்பது 18 நிமிடம், பின்காற்றில் பெறுவது 12 நிமிடம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குக் காற்று இவ்வளவு முக்கியம். புறப்பாட்டுக்கும் இறங்குவதற்கும் பத்து நிமிடங்கள் சேர்த்து, அமைதியான நாளில் ஒன்றரை மணி நேரம் எனக் கொள்வதே முறையானது.

கடைசியாகக் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ரெசலூட் மத்திய நேர மண்டலத்திலும், கிரீஸ் ஃபியோர்டு அதைவிட ஒரு மணி நேரம் முந்திய கிழக்கு நேர மண்டலத்திலும் உள்ளன. எனவே ரெசலூட்டில் காலை 10 மணிக்குப் புறப்படுபவர் உள்ளூர் நேரம் 12.30-க்குச் சென்றடைவார், அங்கிருந்து பிற்பகல் 2 மணிக்குத் திரும்புபவர் ரெசலூட்டில் 2.30-க்கே இறங்கிவிடுவார்.