ஹீட்டிங் சத்தத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் அக்டோபர் குளிர் தொடங்கி, கோடை முழுவதும் அணைந்து கிடந்த ஹீட்டிங்கை, அதாவது பாய்லரில் சூடான தண்ணீரைக் குழாய்வழியே ரேடியேட்டர்களுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்கும் அமைப்பை, மீண்டும் போடும் வாரத்தில்தான் பல வீடுகளில் விளங்காத சத்தங்கள் காதில் விழுகின்றன. சுவருக்குள் யாரோ தட்டுவது போலவும், ரேடியேட்டருக்குள் ஓடை ஓடுவது போலவும், பாய்லருக்குள் கெட்டில் கொதிப்பது போலவும் கேட்கும். சத்தம் கேட்ட இடத்திலேயே குறையைத் தேடத் தொடங்குவது முதல் தவறு. செம்புக் குழாய் சத்தத்தை வீடு முழுவதும் கடத்திச் செல்லும். எங்கள் வீட்டில் மாடிப் படுக்கையறை ரேடியேட்டர்தான் அதிர்கிறது என்று இரண்டு வாரம் நம்பியிருந்தோம். கீழே, முன்னறை ரேடியேட்டரின் வால்வில் கை வைத்தபோதுதான் அந்த அதிர்வு விரல்நுனியில் தெரிந்தது.

எங்கே என்று அலைவதற்கு முன், எப்போது கேட்கிறது என்று மூன்று நான்கு நாள்கள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஹீட்டிங் தொடங்கிய சில நிமிடங்களிலா, அணைந்த பிறகா, வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டுமா என்பதை வைத்தே பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடலாம். ஹீட்டிங் ஒரு மணி நேரமாக அணைந்திருக்கும்போதும் சத்தம் வருகிறதென்றால், சலவை இயந்திரத்தின் வால்வு சட்டென்று மூடுவதால் குடிநீர்க் குழாய் அடித்துக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்காகப் பாய்லரைக் குறை சொல்வதில் பயனில்லை.

சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும் கேட்கும் டிக் டிக் சத்தத்தைப் பெரிய பழுது என்று எண்ணிப் பயப்படுவது இன்னொரு தவறு. 20 டிகிரியில் இருக்கும் 6 மீட்டர் செம்புக் குழாய் 70 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். மரத்தரைக்குக் கீழே, உத்தரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் குழாய் இறுக்கமாகக் கிடந்தால், அந்த நீட்சி வழுக்கிச் செல்லாமல், சிறிது சிறிதாகப் பிடிபட்டு விடுபடும். ஒவ்வொரு விடுபடலும் ஒரு டிக். பலகையைத் தூக்கி, குழாய்க்கும் மரத்துக்கும் இடையே ஒரு துண்டு ஃபெல்ட் துணியைச் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பலகையைத் திரும்ப அறையும்போது ஆணி குழாயில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தமில்லாத விபத்து கீழறையின் உட்கூரை நனைந்த பிறகே தெரிய வரும்.

களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். ரேடியேட்டரின் மேல்முனையிலுள்ள திருகைச் சாவியால் திறந்து காற்றை வெளியேற்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால், ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பவர்கள் உண்டு: கொதிநீர் கையில் தெறிக்கலாம், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் ஓடும்போது காற்று உள்ளே இழுக்கப்படவும் கூடும். அணைத்து, ஆறிய பிறகே திறக்க வேண்டும். அதன்பின் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த தவறைத்தான். ஒரே ரேடியேட்டரில் வாரந்தோறும் காற்று சேர்கிறது, நாமும் வாரந்தோறும் திறந்துவிட்டுத் தண்ணீரை நிரப்புகிறோம். இது நோயை வளர்க்கும் வைத்தியம். புதிதாக நிரப்பும் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே வருகிறது. எஃகு ரேடியேட்டரின் உட்புறம் அரிக்கப்பட்டு, கரிய சேறாகப் படிகிறது. அந்த அரிப்பின்போது ஹைட்ரஜனும் உண்டாவதால், நாம் காற்று என்று நினைத்து வெளியேற்றுவது எரியும் வாயுவாகவே இருக்கக்கூடும். ஆகையால் அதனருகில் தீக்குச்சியைக் கொண்டுபோகாதீர்கள். அழுத்தம் அடிக்கடி குறைகிறதென்றால், எங்கோ கசிவு இருக்கிறதா, அரிப்பைத் தடுக்கும் மருந்து தண்ணீரில் போதிய அளவு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும்.

லண்டன் உட்பட தென்கிழக்கில் தண்ணீர் கடினமானது. அடிக்கடி நிரப்பினால் அதிலுள்ள சுண்ணாம்பும், மேலே சொன்ன சேறும் பாய்லரின் வெப்பமாற்றியில், அதாவது தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பகுதியில், படிந்து, தண்ணீரின் ஓட்டத்தைக் குறைக்கும். படிவு உள்ள இடத்தில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, நீராவிக் குமிழியாகி, உடனே சுருங்கி உடைகிறது; அதைத்தான் பிளம்பர்கள் கெட்லிங் என்கிறார்கள். இதற்குப் பம்ப்பின் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வேகம் கூடினால் குழாய்களில் சீறல்தான் கூடும், படிவு கரையாது. தேவை, உள்ளே சுத்தம் செய்வது.

எங்கள் முன்னறையில் வந்த அதிர்வுக்குக் காரணம், அறையின் சூட்டுக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு. பழைய வகை வால்வுகளில் ஓட்டத்தின் திசையை அம்புக்குறி காட்டும். எதிர்த்திசையில் பொருத்தியிருந்தால், பாதி மூடிய நிலையில் படபடவென்று அடித்துக்கொள்ளும். முழுவதும் திறந்தவுடன் சத்தம் நின்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. அதற்குள் பம்ப்பையும் ரேடியேட்டரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டிருந்தால் எது தீர்வு என்று தெரிந்தே இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பாய்லர் பற்றும்போது டமார் என்று வெடிப்பது போல் கேட்டால், அதைக் குறித்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். எரிவாயு தாமதமாகப் பற்றுகிறது என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள், மேல்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். வாயு வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ ஜன்னல்களைத் திறந்து, வீட்டை விட்டு வெளியேறி 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பாய்லரைத் திறக்க வருபவர் கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் வரும் நேரத்தில் பாய்லர் அமைதியாகிவிடுவது வழக்கம் என்பதால், சத்தத்தை முன்கூட்டியே கைபேசியில் பதிவு செய்து, நேரங்களைக் குறித்த தாளோடு சேர்த்து அவரிடம் கொடுங்கள்.