குதிகால் வெடிப்புக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

தோல் பிரிவில் நர்ஸ் வேலை. மார்கழி பிறந்தால் குதிகால் வெடிப்போடு வருகிறவர்கள்தான் அதிகம். "துவைக்கிற கல்லில் நல்லா தேய்ச்சுப் பார்த்துட்டேன் சிஸ்டர்" என்பார்கள். அதுதான் வினையே. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும்.

முதலில் வெடிப்பின் ஆழத்தைப் பாருங்கள். மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தம் கசிகிறது என்றால் வெடிப்பு உள்தோல் வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் கல், யூரியா க்ரீம் எதுவும் வேண்டாம், எரியும். கழுவி, வாசலின் தடவி, துணி சுற்றி, மூடும்வரை விடுங்கள்.

வெடிப்பு குதிகாலையே தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. செத்த செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மேல்மட்டமும் அங்கேதான் மிகத் தடிமன். நிற்கும்போது குதிகாலுக்குள் இருக்கும் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கும். காய்ந்த சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தினால் ஓரம் வெடிக்குமே, அதே கதைதான். பின்பக்கம் திறந்த செருப்பு இதற்கு இன்னும் தோதாகிவிடும்.

சரி, செய்முறை. ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். உப்பு, ஷாம்பு எதுவும் தேவையில்லை. ஊறி வெள்ளையாக நிற்கிற தோலை மட்டும் கால் தேய்க்கிற கல்லால் மெதுவாக எடுங்கள். இளஞ்சிவப்பு தெரிகிறவரை தேய்க்காதீர்கள். பிளேடு கூடவே கூடாது. விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் யூரியா கலந்த க்ரீமைக் குதிகாலில் பூசுங்கள். யூரியா தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். க்ரீமில் யூரியாவின் அளவு கூடுதலாக இருந்தால் தடித்த தோலை இளக்கவும் செய்யும். மேலே வாசலின், அதற்கு மேல் பருத்தி சாக்ஸ். சாக்ஸைக் கட்டிலில் ஏறிய பிறகு போடுங்கள். வாசலின் காலோடு மொசைக் தரையில் நடந்து விழுந்தால் நாங்கள் எலும்புப் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

தினமும் பூச வேண்டும். கல் வாரத்துக்கு இரண்டு முறை போதும். மேல்தோல் அடியிலிருந்து புதுசாகி மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நாலு நாளில் க்ரீமைக் குறை சொல்லாதீர்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் காலை ஊறவைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். கால் மரத்திருந்தால் சூடும் தெரியாது, காயமும் தெரியாது. சின்ன வெடிப்பானாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றவர்களும் வீக்கம், சீழ் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. உள்ளங்கையிலும் சேர்ந்து செதில் உதிர்ந்தாலோ, அரிப்பு இருந்தாலோ அது வெறும் வெடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். படையோ சொரியாசிஸோ என்று பார்க்க வேண்டும்.