குடியை விட உதவும் குழுக் கூட்டம்: தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

குடியை விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் மனம் திறந்து சொல்வது பெரும்பாலும் காலை வேளையில்தான். நண்பகலில் டாஸ்மாக் கடை திறந்ததும் அந்த உறுதி ஆட்டம் காணத் தொடங்கும். அதனால், அவர் சம்மதம் சொன்ன பிறகு, குடிநோயாளிகள் ஒன்றுகூடித் தங்கள் அனுபவத்தைப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தேட ஆரம்பிப்பது காலம் கடந்த வேலை. வீட்டில் ஒருவர் முன்கூட்டியே விசாரித்து இடம், கிழமை, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்க வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எங்கோ கிடைத்த பழைய முகவரியை நம்பிக் கிளம்பவும் கூடாது. இக்கூட்டங்கள் பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நடத்தப்படுபவை. தேர்வு, திருவிழா என்றால் இடம் மாறும். ஒருவர் கை நடுக்கத்தோடு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பதறியபடி வந்து பூட்டிய கேட்டின் முன் நின்றால், அவர் இன்னொரு முறை வருவது சந்தேகம். அன்று காலையிலேயே குழுவினருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "புதிதாக ஒருவர் வருகிறார்" என்று சொன்னால், வாசலில் யாராவது காத்திருப்பார்கள்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடித்தவர், "கூட்டத்துக்குப் போகிறேன், இனி தொடவே மாட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், கடும் நடுக்கம் என்று நிலைமை முற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் மரணம்கூட நேரலாம். இதைச் சமாளிக்க அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருந்து உண்டு. முதலில் மருத்துவரைப் பாருங்கள்; கூட்டம் அந்தச் சிகிச்சையோடு சேர்ந்து நடக்கட்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் மருந்துகளை வாங்காதீர்கள். குடித்தால் உடல் ஏற்காமல் போகச் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அபாயம் இருக்கிறது.

குழுக் கூட்டத்தையும் மறுவாழ்வு மையத்தையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பிப் போடும் சில்லறையில்தான் வாடகையும் தேநீரும். முன்பணம் கேட்டாலோ, ஆளை வேனில் தூக்கிப் போகிறோம் என்றாலோ அது ஏ.ஏ. அல்ல. அப்படி அழைப்பவர்களிடம் ஆளை ஒப்படைக்காதீர்கள். மையத்தில் சேர்ப்பதே சரியென்று மருத்துவர் சொன்னால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

தேவாலய அறையில் நடப்பதால் மதம் மாற்றும் இடமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அது வெறும் இடவசதிக்காக. கூட்டத்தில் கடவுள் என்ற சொல் வரும். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே சொல்வார்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு உண்டு. மூடிய கூட்டத்துக்குள் குடிநோயாளிகள் மட்டுமே போகலாம். மனைவியோ அண்ணனோ கூட வருவதானால் எந்த வகை என்று முதலிலேயே கேளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒரே கூட்டத்தோடு முடிவு கட்டிவிடுவதுதான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததைச் சொல்கிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. புதியவருக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். "இவர்கள் அளவுக்கு நான் மோசமில்லை" என்று மனம் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டு எழுந்து போய்விட வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒன்று ஒத்துவரவில்லையென்றால் வேறு இரண்டு மூன்று குழுக்களுக்குப் போய்ப் பாருங்கள். பேச வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆண்கள் நிறைந்த அறைக்குப் போகப் பெண்கள் கூச்சப்பட்டால், பெண் உறுப்பினர்கள் வரும் கூட்டத்தையோ இணையவழிக் கூட்டத்தையோ கேட்டு வாங்கலாம்.

கூட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். தேநீர் நேரத்தில்தான் போன் எண்கள் கைமாறுகின்றன. இரவு எட்டு மணிக்குக் கால் கடையை நோக்கித் திரும்பும்போது அழைக்க ஓர் எண் வேண்டும். இடையில் குடித்துவிட்டாலும், எந்த முகத்தோடு போவது என்று ஒதுங்க வேண்டாம். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பலர் அப்படித் திரும்பி வந்தவர்களே.

அவர் வரவே மறுத்தால், குடும்பமும் வீட்டிலேயே முடங்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்காக அல்-அனான், பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அலட்டீன் என்று தனிக் குழுக்கள் உள்ளன. குடிப்பவர் மாறும்வரை காத்திருக்காமல் நீங்கள் இந்த வாரமே போகலாம்.