நோட்டைக் கேட்டு வாங்குங்கள்: புதிதாக ப்ராடக்ட் ஓனர் ஆனவர்களுக்கு

என் மேசை டிராயரில் ஒரு 40 பக்க நோட்டின் ஜெராக்ஸ் இருக்கிறது. குளச்சலில் மீன் ஏலம் எடுத்துவிடும் கமிஷன்காரர் ஒருவருடைய கணக்கு நோட்டு. இடது ஓரத்தில் போட்டின் பெயர். அதற்கு நேரே மீன், பெட்டி எண்ணிக்கை, விலை. கீழே டீசல், ஐஸ், தரகு எல்லாம் தனித்தனி வரியில். மீன் தண்ணீர் பட்டுச் சில இடங்களில் மை பரவியிருக்கிறது. ‘நெய்மீன்’ என்ற சொல்லில் பாதி அழிந்தே போய்விட்டது. நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் ப்ராடக்ட் ஓனர். எதை முதலில் செய்வது என்று குழம்பும்போதெல்லாம் அந்த ஜெராக்ஸைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

5 வருடம் டெஸ்டராக இருந்துவிட்டு இந்தப் பொறுப்புக்கு வந்தேன். இப்போது தெரிந்த பிள்ளைகள் சிலர், “அக்கா, என்னையும் ப்ராடக்ட் ஓனர் ஆக்கிட்டாங்க. நான் என்ன செய்யணும்?” என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்த வேலை எது என்பது. சாஃப்ட்வேர் குழுக்கள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 2020-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, ஒரு குழுவில் மூன்று பொறுப்புகளைச் சொல்கிறது: ப்ராடக்ட் ஓனர், குழு இந்த முறைப்படி நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், பொருளைச் செய்யும் டெவலப்பர்கள். ப்ராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், கமிட்டி அல்ல என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. குழு உழைத்துச் செய்யும் பொருளால் முடிந்த அளவு அதிகப் பயன் கிடைக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் கையில் இருப்பது பேக்லாக், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அதில் எது மேலே, எது கீழே, எது வேண்டவே வேண்டாம் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எப்படிச் செய்வது, எவ்வளவு வேலை பிடிக்கும் என்பதை டெவலப்பர்கள் சொல்வார்கள். அதில் நீங்கள் கை வைக்கக்கூடாது. மேனேஜர் சொன்னதையெல்லாம் ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளில் ஏற்றிவிட்டு வருவதும் இந்த வேலை அல்ல. நான் முதல் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். பட்டியல் 140 வரிக்கு நீண்டது. ஆனால் எந்த வரி யாருக்கு வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதனால் என் முதல் அறிவுரை, கிளம்பிப் போங்கள். எங்கள் செயலி மீன் ஏலக் கணக்குக்கானது. நான் அதிகாலையில் துறைமுகத்துக்குப் போனேன். உங்களுடையது தோவாளைப் பூச்சந்தைக்கு என்றால் தோவாளைக்குப் போங்கள். ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு என்றால் குலசேகரம் பக்கம் போங்கள். லேப்டாப்பையும் டெமோவையும் முதல் நாள் எடுத்துப் போகாதீர்கள். திரையைக் காட்டினால் அவர்கள் திரையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். சும்மா ஓரமாக நின்று, கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நான் பார்த்தது இது. ஏலம் கூவுபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். எழுதுபவர் நின்றுகொண்டே எழுதுகிறார். இடது கையில் நோட்டு, வலது கையில் பேனா. நடுவில் அந்த வலது கைதான் பெட்டியையும் தள்ளிவிடுகிறது, ஒரு அயிலையைத் தூக்கிப் பார்த்துப் போடுகிறது. போன் சட்டைப் பையில் பாலித்தீன் கவருக்குள் கிடக்கிறது. நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்து வைத்திருந்த பதிவுத் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் 9. ஈரக் கையோடு, கவருக்கு மேல் விரலை வைத்து, அடுத்த பெட்டிக்கு விலை கூவுவதற்குள் 9 கட்டத்தை யார் நிரப்புவது? அங்கே நின்ற அரை மணி நேரத்தில் அதை 3 ஆக்கினேன்: மீன், பெட்டி, விலை. போட்டின் பெயரை ஏலம் தொடங்கும்போது ஒரு தடவை தொட்டால் போதும். மீதியை ஏலம் முடிந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது நோட்டைக் கேளுங்கள். ஒரு கடையிலோ சந்தையிலோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நோட்டு, ரசீது, சுவரில் கரியால் போட்ட கணக்கு இவை எல்லாம் பல வருடம் தேய்ந்து சரியான வடிவத்துக்கு வந்தவை. தேவையில்லாத கோடு ஒன்றுகூட இருக்காது. என்ன வேண்டும் என்று கேட்டால் மனிதர்கள் நினைவுக்கு வருவதைச் சொல்வார்கள். நோட்டு முழுவதையும் சொல்லும்.

அடுத்து, குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். எங்களுடையது: “ஏலம் முடிந்து போட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன், அன்றைய கணக்கு அவர் போனில் இருக்க வேண்டும்.” பட்டியலில் புதிதாக எது வந்தாலும், இந்த வாக்கியத்துக்கு அது உதவுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். மீன் விலை வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் உதவாது. அது கீழே போகட்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு ஏற வேண்டும் என்பது உதவும். அது மேலே வரட்டும்.

இனி ஒவ்வொரு வரியையும் எழுதுவது. இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும்.

தடைக்காலத்தில் தப்பித் தவறிப் பதிவு ஏறினால் கணக்கு குழம்பும் என்று நினைத்து, பேக்லாக்கில் இப்படி எழுதினேன்: “மீன்பிடி தடைக்காலத்தில் பதிவுத் திரை பூட்டப்பட வேண்டும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.” தேதியைச் செய்தித்தாளில் பார்த்திருந்தேன். டெவலப்பர் தம்பி எழுதியபடியே செய்தான். டெஸ்டிங்கில் பாஸ். ஏப்ரல் 15 காலை குளச்சல் கமிஷன்காரரிடமிருந்து போன் வந்தது.

“மக்களே, எனக்க போட்டு மீனோட வந்து நிக்கு. உனக்க போன் தடைன்னு சொல்லுது. நான் எதுல எழுத?”

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடற்கரை. தடைக்காலமும் இரண்டுதான். கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரை. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள், ஆனால் வேறு வேறு 61 நாள். நான் எழுதிய ஒரு வரியால் ஒரு மனிதர் மீன் வந்து இறங்கிய நேரத்தில் கணக்கு எழுத முடியாமல் நின்றார். அன்று அவர் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்.

தேதியை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்து பேசினேன். அப்போதுதான் அடுத்தது தெரிந்தது. தடை விசைப்படகுகளுக்கு. வள்ளமும் கட்டுமரமும் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகும், நெத்திலியும் சாளையும் வந்து இறங்கும், ஏலமும் நடக்கும். ஆக, பூட்டு என்ற யோசனையே தப்பு. தேதி சரியாக இருந்திருந்தாலும் தப்புதான்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “விசைப்படகின் பெயரில், அது மீன் இறக்கும் துறைக்குரிய தடைக்காலத்தில் பதிவு ஏறினால், கணக்கு எழுதுபவருக்கு ஒரு எச்சரிக்கை தெரிய வேண்டும். பதிவு நிற்கக்கூடாது. ஏனென்றால் தவறான போட்டைத் தொட்டிருந்தால் அவர் அப்போதே திருத்திக்கொள்ள முடியும்.” அதன் கீழே, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று நிலைமைகள்: குளச்சல் விசைப்படகு, மே 10, எச்சரிக்கை வரக்கூடாது. சின்னமுட்டம் விசைப்படகு, மே 10, வர வேண்டும். குளச்சல் வள்ளம், ஜூன் 20, வரக்கூடாது.

இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் நான் தீர்வை எழுதியிருந்தேன், பூட்டு என்று. இரண்டாவதில் யாருக்கு, எப்போது, எதற்காக என்பது இருக்கிறது. அந்த ‘ஏனென்றால்’ இருந்தால் டெவலப்பர்கள் நம்மைவிட நல்ல வழியைக் கண்டுபிடிப்பார்கள். எச்சரிக்கையைத் தனியாகக் காட்டாமல், போட்டின் பெயரையே மஞ்சள் நிறத்தில் காட்டிவிடலாம் என்று சொன்னது அதே தம்பிதான். அதற்கு அரை நாள் வேலைதான் பிடித்தது. தேதிகளையும் நிரந்தரமாக எழுதிவிடாமல், அரசு மாற்றினால் நாங்களும் மாற்றிக்கொள்ளும்படி வைத்தார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தத் திருத்தம் ஒரு ஸ்பிரிண்டின் நடுவில் வந்தது. ஒரு நோக்கத்தை வைத்துக்கொண்டு குழு வேலை செய்யும் ஒரு சுற்றுதான் ஸ்பிரிண்ட். எங்களுடையது இரண்டு வாரம். அதன் நோக்கமே பொருளற்றுப் போய்விட்டால் ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும் உண்டு. ஆனால் கோபத்திலும் பதற்றத்திலும் அதை எடுக்கக்கூடாது. அன்று நான் டெவலப்பர்களோடு உட்கார்ந்து, “இதை உள்ளே எடுத்தால் எதை வெளியே விடலாம்?” என்று கேட்டேன். மாத அறிக்கையை வெளியே விட்டார்கள். புதிதாக ஒன்றை நுழைத்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் ப்ராடக்ட் ஓனரை எந்தக் குழுவும் நம்பாது.

சரி, மறுப்பது எப்படி? இந்த வேலையில் மிகவும் கஷ்டம் இதுதான். இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்பார்கள், இரண்டு பேரும் முக்கியமானவர்களாக இருப்பார்கள்.

புதிதாக வாங்க வந்த ஒரு கமிஷன்காரர், போட்டுக்காரருக்குப் போகும் சீட்டில் தரகைத் தனியாகக் காட்டாமல் கழித்து ஒரே தொகையாகப் போடச் சொன்னார். எங்கள் முதலாளிக்கும் அதில் தயக்கம் இல்லை. நமக்குப் பணம் கட்டுபவர் கமிஷன்காரர், அவர் கேட்டதைச் செய்வோம் என்றார். வியாபாரத்தில் அது நியாயமான பேச்சுதான். ஆனால் துறையில் முன்பணம் என்று ஒன்று உண்டு. கமிஷன்காரரிடம் முன்பணம் வாங்கிய போட்டுக்காரர் தன் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டியிருக்கும். சீட்டில் தரகு எங்கே என்று அவரால் உரக்கக் கேட்க முடியாது. கேட்க முடியாதவருக்காகவும் சேர்த்துத்தான் நான் பட்டியலை அடுக்க வேண்டும்.

முதலாளியிடம் இதை வாதமாக வைக்கவில்லை. டிராயரிலிருந்து ஜெராக்ஸை எடுத்து வைத்தேன். “பாருங்க சார், கமிஷன்காரர் தன் கையாலேயே தரகைத் தனி வரியா எழுதியிருக்காரு. நோட்டுல இருந்தது போன்ல காணாமப் போனா, போட்டுக்காரர் போனை நம்ப மாட்டார்.” அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். பிறகு, “உன் முடிவு” என்றார். தனி வரி அப்படியே இருக்கிறது. கேட்டவர் எங்களிடம் வாங்கவில்லை. அந்த நஷ்டம் எனக்குத் தெரியும், முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வேலைமுறை. மறுக்கும்போது ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று போகாதீர்கள். களத்தில் பார்த்த ஒரு பொருளை எடுத்துப் போங்கள். கேட்டவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பட்டியலின் அடியில் போட்டு வைப்பது அவரை ஏமாற்றுவது. ஆறு ஸ்பிரிண்ட் தாண்டியும் மேலே வராத வரிகளை நான் அழித்துவிடுகிறேன். உண்மையில் வேண்டியதென்றால் திரும்பக் கேட்பார்கள். 140 வரி இப்போது 32.

குழுவோடு இருப்பதைப் பற்றிச் சுருக்கமாக. கேள்வி கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது, நாளை மதியத்துக்குள் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பதில் வராத டெவலப்பர் சும்மா இருக்க மாட்டார், ஊகித்துச் செய்துவிடுவார். லீவு போடும்போது உங்களுக்குப் பதில் யாரிடம் கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். வேலை பெரிது என்று சொன்னால், அதில் எந்தத் துண்டு முதலில் பயன் தரும் என்று கேட்டு உடையுங்கள்.

ஸ்பிரிண்ட் முடிவில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ஸ்பிரிண்ட் ரிவ்யூவை நாங்கள் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் நடத்திக்கொண்டிருந்தோம். பயன்படுத்துபவர் ஒருவர்கூட வந்ததில்லை, வரவும் முடியாது. எங்கள் கமிஷன்காரர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு ஞாயிறு பூசை முடிந்த பிறகு, குழுவில் விருப்பமுள்ள இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறேன். போனவர்களுக்கு மறுநாளே ஒரு நாள் விடுப்பு. திண்ணையில் நாங்கள் எதையும் விளக்குவதில்லை. போனை அவர் கையில் கொடுத்து, நேற்றைய கணக்கை ஏற்றச் சொல்லிவிட்டு, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்க்கிறோம். ஒரு தடவை அவர் மனைவி எட்டிப் பார்த்து, “இதுல பாக்கி எவ்வளவுன்னு எங்க தெரியும்?” என்றார். அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. இப்போது முதல் வரி அதுதான்.

ஆகஸ்ட் 1 அன்று குளச்சல் விசைப்படகுகள் மறுபடி கடலுக்கு இறங்கும். அதற்கு முன் முன்பணப் பாக்கித் திரை கையில் இருக்க வேண்டும். வரும் ஞாயிறு கேட்பதற்கு மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கும் பணத்தையும் முன்பணத்தோடு சேர்த்து எழுதுகிறீர்களா, தனியாகவா? ஒவ்வொரு ஏலத்திலும் பாக்கியில் எவ்வளவு கழிப்பது என்று யார் சொல்கிறார்கள்? கடைசியாகத் தீர்ந்த ஒரு பாக்கியின் பக்கத்தைக் காட்ட முடியுமா?