எல்லைப்புற இணையதளங்களை எல்லோரும் தாமே பயன்படுத்தும்படி அமைக்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களில் ஒரு பால் சொசைட்டிக்கோ, தனிப்பயிற்சி நிலையத்துக்கோ, வாசகசாலைக்கோ இணையதளம் அமைப்பவர், தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. ஆந்திர எல்லையிலுள்ள நகரி, புத்தூர் பக்கம் மலையாளத்தின் இடத்தில் தெலுங்கு வரும். அப்படி அமைக்கும் தளத்தைப் பார்வையற்றவர், கை நடுங்குகிறவர், காது கேளாதவர், கண்ணாடி போட்டும் சிறு எழுத்தைப் படிக்க முடியாத முதியவர் ஆகிய அனைவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி செய்வதற்கான வழிமுறைகளை இங்கே விளக்குகிறேன்.

'பிறர் துணையின்றி' என்பதை அளவுகோலாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. படிவத்தைத் தாமே நிரப்ப முடியாதவர், கேரளத்தில் இணையவழிச் சேவைகளைச் செய்துதரும் அக்ஷயா மையத்துக்குப் போய், தம் வங்கிக் கணக்கு எண்ணையும் நோய் விவரத்தையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் மற்றொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மையங்களின் பணி மதிப்பிற்குரியது. ஆனால் ஒருவர் தம் விருப்பத்தால் அங்கே போவது வேறு, நாம் அமைத்த தளம் கைவிட்டதால் போவது வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. இணையதளங்களை அனைவரும் அணுகத்தக்கதாக்க உலக அளவில் பின்பற்றப்படும் நெறிமுறை டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படுகிறது. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது. அதன் மூன்று நிலைகளில் நடுவானதாகிய 'ஏஏ' நிலையை இலக்காகக் கொள்வது போதுமானது.

முதலில் செய்ய வேண்டியது, எந்த வரி எந்த மொழி என்று கணினிக்குச் சொல்வது. எல்லைப்புறத் தளங்களில் மிகுதியாகக் கைவிடப்படுவதும் இதுதான். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் பக்கத்தில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும். எந்த மொழிக் குரலை எடுப்பது என்பதைப் பக்கத்தின் நிரலில் மொழியைக் குறிக்கும் 'லாங்' பண்பைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்யும். ஆயத்தமாக வாங்கிய தள வார்ப்புருவில் அது ஆங்கிலம் என்று இருந்து, அதை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், தமிழ் வரிகளும் ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கப்படும். சில குரல்கள் அவ்வரிகளை ஒலிக்காமலே தாண்டிவிடும். சில, பொருள் விளங்காதபடி எழுத்தெழுத்தாக உதிர்க்கும். பால் விலை மாறிய அறிவிப்பு பக்கத்தில் இருந்தும் கேட்பவருக்கு அது இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

ஆகவே எச்.டி.எம்.எல். பக்கத்தின் தொடக்கக் குறியில் அப்பக்கத்தின் முதன்மை மொழியைக் குறிப்பிடுங்கள். தமிழுக்கு 'டி, ஏ', மலையாளத்துக்கு 'எம், எல்', தெலுங்குக்கு 'டி, இ', ஆங்கிலத்துக்கு 'இ, என்' என்னும் ஈரெழுத்துக் குறியீடுகள் உள்ளன. பிறகு, தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஒரு மலையாளப் பத்தி வந்தால், அந்தப் பத்தியின் குறியில் மலையாளக் குறியீட்டைத் தனியே சேர்க்க வேண்டும். மொழி மாற்றும் இணைப்புகளுக்கும் இது பொருந்தும்: மலையாளம் என்பதை மலையாள எழுத்திலேயே எழுதி, அந்த இணைப்புக்கு மலையாளக் குறியீடு தந்தால்தான் தமிழ்க் குரல் அதை விழுங்காமல் மலையாளக் குரலுக்கு விட்டுக்கொடுக்கும். கைப்பேசி இருக்கும் இடத்தைக் கண்டறிந்து மொழியைத் தானாக மாற்றும் வசதியை எல்லைப்புறத்தில் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேரளத்தில் குடியிருப்பவர் தமிழில் படிக்க விரும்புவார் என்பதை அந்த வசதி அறியாது. மொழித் தேர்வை வாசகரிடமே விட்டு, ஒருமுறை தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொள்வதே முறை.

எழுத்துருவும் இதனுடன் சேர்ந்த சிக்கல். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களும், எம்.எல்.டி.டி. கார்த்திகா போன்ற பழைய மலையாள எழுத்துருக்களும் கண்ணுக்கு நம் எழுத்தாகத் தோன்றினாலும், உள்ளே சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. திரைவாசிப்பான் உள்ளிருப்பதைத்தான் படிக்கும். அச்சகத்திலிருந்தோ சங்க அலுவலகத்திலிருந்தோ வரும் கோப்புகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தளத்தில் ஏற்றுங்கள். சுற்றறிக்கையை வருடி எடுத்த பி.டி.எஃப். கோப்பும் வெறும் படமே. அதன் செய்தியைப் பக்கத்தில் உரையாகத் தட்டச்சு செய்து, மூலக் கோப்பை அதன் கீழே இணைப்பாகக் கொடுக்கலாம்.

படங்களுக்கு, திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாகப் படித்துக் காட்டும் மாற்று உரை எழுதும்போது, படம் எதற்காக வைக்கப்பட்டதோ அதை எழுத வேண்டும். விலைப்பட்டியலின் படமானால் விலைகளையே பக்கத்தில் உரையாகத் தர வேண்டும். அழகுக்காக வைத்த கோலப் படமானால் மாற்று உரையை வெறுமையாக விட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் செல்லும். தலைப்புகளை எழுத்தைத் தடித்துப் பெரிதாக்கி உருவாக்காமல், உரிய தலைப்புக் குறிகளால் அமையுங்கள். பார்வையற்றவர் பக்கம் முழுவதையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தமக்கு வேண்டியதைத் தேடுகிறார். காணொளிகளுக்கு வசன வரிகள் கட்டாயம். தானியங்கியாக வந்தவற்றை ஒருவர் படித்துத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்திலும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பல வார்ப்புருக்களில் வருகிறது. அதை முதல் வேலையாக மாற்றுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் சுழிகள் மிகுதி என்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு இவற்றுக்குப் போதாது. வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எந்தச் செய்தியும் மறைந்துவிடக் கூடாது. விரலால் தொடும் பொத்தான்களுக்கு நெறிமுறை கேட்கும் குறைந்த அளவு பொதுவாக 24-க்கு 24 பிக்சல். முதியவர்கள் பயன்படுத்தும் தளத்தில் இதைவிடத் தாராளமாகவே வைக்கலாம்.

படிவங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதனுடன் நிரல்வழி இணைந்த பெயர் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாக எழுதிய குறிப்பு அதற்கு ஈடாகாது, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டாமல், 'கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்பது போல உரையாகச் சொல்லுங்கள். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் கட்டத்தை நீக்கிவிடுங்கள். முன்னெழுத்து வைக்கும் தமிழரையும், வீட்டுப் பெயர் வைக்கும் மலையாளியையும் அது ஒருசேரத் தடுக்கிறது. வளைந்த எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் படப் புதிர், பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சோதிக்கும் முறை கடினமானதன்று. மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு, 'டேப்' விசையாலும் 'என்டர்' விசையாலும் மட்டுமே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைச் சுற்றி வரும் கோட்டை அழகு கருதி நீக்கியிருந்தால் திரும்பக் கொண்டு வாருங்கள். அடுத்து, விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவித் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் உள்ளன. ஆகவே மொழிக் குறிப்புகள் சரியாக இடப்பட்டனவா என்பது காதுக்கே தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது. அதை இயக்கியபின் விரலை வலப்புறமாக இழுத்தால் அடுத்த உறுப்புக்குப் போகும்; இருமுறை தட்டினால் அதைத் திறக்கும்.

இதற்குப் பின் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை, முடிந்தால் தமிழ் பேசுபவர் ஒருவரையும் மலையாளம் பேசுபவர் ஒருவரையும், உரிய ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் உடனே வழி சொல்லிக் கொடுத்துவிடாமல், எங்கே நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தளத்தை ஒப்படைக்கும்போது, நாளை அறிவிப்புகளை ஏற்றப்போகும் அலுவலக ஊழியருக்கு மாற்று உரை எழுதுவதையும் பத்தியின் மொழியைக் குறிப்பதையும் செய்து காட்டி, அவர் கையாலேயே ஒரு தமிழ் அறிவிப்பையும் ஒரு மலையாள அறிவிப்பையும் ஏற்றச் செய்து, இரண்டையும் திரைவாசிப்பானில் அவரைக் கேட்கச் செய்யுங்கள்.