கரடி ஆற்றில் தூண்டில் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பிடோக் ஜெட்டியிலும் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலும் தூண்டில் பழகியவர்கள் இப்போது சால்மன் பிடிக்க அலாஸ்கா வரை போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மாட்டிய மீனை விட மனமில்லாமல் இழுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். காட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் ஆற்றில் ஜூலையில் சால்மன் ஏறும்போது பழுப்புக் கரடிகளும் வந்துவிடும். 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் கரடி வந்தால் தூண்டிலை நிறுத்த வேண்டும். மீன் மாட்டியிருந்தால் தூண்டில் நரம்பை அறுத்துவிட வேண்டும்.

எங்களோடு வந்த தம்பி ஒருவனுக்கு நல்ல மீன் மாட்டிய நேரம், ஆற்று வளைவில் கரடி தலை தெரிந்தது. "அறுத்து விடுடா" என்று கத்தினேன். "அண்ணே, ரெண்டே நிமிஷம், கரைக்கு வந்துடுச்சு" என்கிறான். மீன் துள்ளித் துள்ளித் தண்ணீரை அடித்தது. கரடியின் காது அந்தப் பக்கம் திரும்பியது. அப்புறம் பாய்ச்சல்தான். பக்கத்தில் நின்றவர் நரம்பை அறுப்பதற்குள் மீன் கரடியின் வாயில்.

தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மீன் துள்ளும் சத்தம் கேட்டால் அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று அந்தக் கரடி கற்றுக்கொண்டது. நம் ஊர்க் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டதும் பறிக்க வருவது போல, அடுத்து யாருக்கு மீன் மாட்டினாலும் அவரிடம் வரும். இப்படிப் பழகிய கரடிகளைக் கடைசியில் சுட்டுக் கொல்வதும் உண்டு. ஒரு மீனுக்காக இது தேவையா? நரம்பு வெட்டும் கட்டரை நெஞ்சுப் பட்டையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் வைப்பது

கரடியை விரட்ட அடிக்கும் இந்த மிளகாய் ஸ்ப்ரே பத்து மீட்டர் வாக்கில்தான் பீய்ச்சும். கரடியோ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஜிப்பைத் திறக்க நேரம் இருக்காது. இடுப்பில் இருக்கட்டும்.

ஸ்ப்ரேயை ஊருக்குக் கொண்டு வருவது

விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அங்கேயே வாங்கி அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கூடாரத்தருகே மீன் கழுவுவது

கூடவே கூடாது.

சத்தமில்லாமல் நடப்பது

ஆற்று இரைச்சலில் உங்கள் காலடி கரடிக்குக் கேட்காது. திடீரென்று எதிரே போய் நிற்பதுதான் ஆபத்து. வளைவுகளிலும் புதர் ஓரங்களிலும் உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். இடுப்பில் கட்டும் சின்ன மணியை நம்பாதீர்கள்.