விவாகரத்து வழக்கு முடியும் முன்பே ஒருவர் இறந்துவிட்டால்

22 வருஷமாக வக்கீல் குமாஸ்தா வேலை. குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் எல்லோரும் கேட்பது "அடுத்த வாய்தா எப்போ?" என்றுதான். ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "அவர் போயிட்டார் சார். கேஸ் அப்படியே இருக்கு. இப்ப நான் யாரு?"

அவருடைய விதவை. அதில் சந்தேகமே வேண்டாம். (இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளைத்தான் சொல்கிறேன்.) எத்தனை வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தாலும், பரஸ்பர சம்மத மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டு 6 மாதக் காத்திருப்பு முடியும் தறுவாயில் இருந்தாலும், தீர்ப்பு வராதவரை கல்யாணம் முறியவில்லை. மரணம்தான் அதை முடித்து வைக்கிறது.

முதலில் இறப்புச் சான்றிதழை வக்கீலிடம் கொடுங்கள். அவர் மெமோ (இறந்த தகவலைக் கோர்ட்டுக்குத் தெரிவிக்கும் குறிப்பு) போடுவார், வழக்கு முடித்து வைக்கப்படும். "மகனுக்குப் பதில் நாங்கள் நடத்துகிறோம்" என்று மாமனார், மாமியார் வர முடியாது. விவாகரத்து கேட்கும் உரிமை அந்த ஆளோடு போய்விடுகிறது. முடித்து வைத்த உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் வாங்காமல் விடாதீர்கள். நாளைக்கு யாராவது "அவங்களுக்குத்தான் டைவர்ஸ் ஆயிடுச்சே" என்று தாசில்தார் அலுவலகத்தில் சொன்னால், எடுத்து நீட்ட இந்தக் காகிதம்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரை விட்டுவிட்டு மனு போட்டிருந்தால், இந்த நகலோடு அங்கே ஆட்சேபணை கொடுங்கள்.

உயில் இல்லாமல் கணவர் இறந்தால் தாய், மனைவி, மகன், மகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. தாயும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் நான்கில் ஒன்று உங்களுடையது. மனைவி இறந்தால் பிள்ளைகளும் கணவரும் முதல் வாரிசுகள். ஆனால் பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அப்பா, அம்மா வழியில் வந்த சொத்து கணவருக்குப் போகாது, அவளுடைய அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவர்கள் பலருக்கு இது தெரியாது, என்னிடம் கோபப்படுவார்கள். வங்கிக் கணக்கில் நாமினி மாமியாராக இருந்தாலும் பயப்பட வேண்டாம். நாமினி பணத்தை வாங்கலாம், வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது. இன்சூரன்ஸ் கதை வேறு. 2015 திருத்தத்துக்குப் பிறகு அங்கே பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் பொதுவாக அவர்களுக்கே சொந்தம்.

துக்க வீட்டில் விடுதலைப் பத்திரம் (சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தருவது) நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பத்திரத்தை ரத்து செய்ய வருஷக்கணக்கில் அலைந்தவர்களின் கட்டுகளை நான் சுமந்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்தபின் இறந்திருந்தால் நிலைமை தலைகீழ், நீங்கள் வாரிசு இல்லை. ஆனால் உங்களைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கியிருந்தால் கதவு மூடவில்லை. அவர் இறந்த பிறகும் அதை ரத்து செய்யக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997 வாக்கில் சொல்லிவிட்டது. வாரிசுகளை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சம்மன் முறையாக வராதவருக்கு, தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு.

வழக்கு நடக்கும்போதே, தான் இறந்தால் சம்பாத்தியம் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது என்று நினைப்பவர் உயில் எழுதி வைக்கலாம். பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அந்த இருவர் பெயரில் எதையும் எழுதி வைக்காதீர்கள்.